10 வாட் டையோடு லேசரில் கண்ணாடி டம்ளரில் எழுத்து பதியவில்லை: 20 வாட் வாங்கலாமா?

20 வாட் டையோடு வாங்க வேண்டாம். கண்ணாடிதான் உங்கள் தொழில் என்றால், அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து 40 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசருக்குப் போங்கள்.

வேகத்தைக் குறைத்தும் டம்ளரில் ஒன்றும் பதியாமல், அடியில் வைத்த பலகை மட்டும் கருகுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது திறன் குறைவால் வருவதன்று. டையோடின் நீல ஒளி சுமார் 450 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. தெளிந்த கண்ணாடி அதை ஜன்னல் வெளிச்சம்போல உள்ளே விட்டுவிடுகிறது. சுமார் 10,600 நானோமீட்டர் கொண்ட கார்பன் டை ஆக்சைடு லேசரின் கதிரையோ கண்ணாடியின் மேற்பரப்பே உறிஞ்சிக்கொள்வதால், அங்கே நுண்ணிய வெடிப்புகள் உண்டாகி, பனி படர்ந்தாற்போல எழுத்து வெண்மையாகத் தெரிகிறது.

பணம் போடும் முன் ஒரு சோதனை: நீல ஒளியை உறிஞ்சிக்கொள்ள டம்ளரின் ஒரு பக்கத்தில் கறுப்பு போஸ்டர் பெயின்ட்டை மெல்லியதாகப் பூசி, நன்றாகக் காய்ந்தபின் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். கழுவிய பிறகும் எழுத்து நின்றால், இயந்திரத்தில் கோளாறில்லை. மாதம் பத்துப் பதினைந்து டம்ளர்தான் என்றால் இப்படியே ஓட்டிவிடலாம்; பூசிக் கழுவுவதுதான் அலுப்பு.

வாங்குவதானால், டம்ளரைச் சுழற்றிக்கொடுக்கும் சுழல் கருவியும் அதன்மேல் டம்ளரும் வைக்க உள்ளே உயரம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். விலை குறைந்த 40 வாட் பெட்டிகளில் பெரும்பாலும் இடம் போதாது. டஃபன்டு கண்ணாடியை (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கியது) மட்டும் எந்த லேசரிலும் வைக்காதீர்கள், முழுவதும் சிதறிவிடக்கூடும்.