வாசகர் கேள்வி பதில்: போர்க்கள மண்ணில் புதைந்தவை

கேள்வி: மெட்டல் டிடெக்டர் கருவியால் ஒரு பழைய தோட்டாவையும் துருப்பிடித்த ஆணியையும் வேறுபடுத்திக் காட்ட முடியுமா?

பதில்: ஓரளவுக்கு முடியும். கருவியின் அடித்தட்டில் உள்ள கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது எழும் காந்தப்புலம், மண்ணில் கிடக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அவற்றால் உண்டாகும் எதிர்ப்புலத்தை மற்றொரு சுருள் உணர, கருவி அதை ஒலியாக மாற்றித் தருகிறது. அந்த எதிர்வினை எவ்வளவு பிந்தி வருகிறது என்பது உலோகத்தின் வகையையும் பருமனையும் பொறுத்திருப்பதால், இரும்பைப் பெரும்பாலும் இனங்கண்டுவிடலாம். ஆனால் ஈயக்குண்டும் பான டப்பாவைத் திறக்கும் அலுமினிய வளையமும் ஏறத்தாழ ஒரே ஒலியைத் தரக்கூடும். இரும்பைப் புறக்கணிக்கும் வசதியைப் புதியவர்கள் உடனே இயக்கிவிடுகிறார்கள். போர்க்களத்தில் அது நட்டத்தையே தரும், ஏனெனில் பீரங்கிக் குண்டின் சிதறல்களும் துப்பாக்கி முனைக் கத்தியும் குதிரை லாடமும் இரும்பே. சிறு குண்டென்றால் ஒரு சாண் ஆழம் வரை, மிஞ்சினால் சற்றுக் கூடுதலாக, கருவி எட்டும்; விளம்பரங்களில் சொல்லப்படும் ஆழங்களை நம்ப வேண்டாம்.

கேள்வி: மண்ணில் கிடந்து துருப்பிடித்து அழியப்போகும் பொருளை எடுத்துப் பாதுகாப்பதில் என்ன தவறு? தொல்லியலாளர்கள் ஏன் இதை எதிர்க்கிறார்கள்?

பதில்: கருவியை அவர்கள் எதிர்ப்பதில்லை, இடத்தைக் குறிக்காமல் தோண்டுவதையே எதிர்க்கிறார்கள். அமெரிக்காவின் மொன்டானாவில், 1876இல் அமெரிக்க இராணுவ அதிகாரி கஸ்டரின் குதிரைப்படைப் பிரிவை லகோட்டா, செயென் பூர்வகுடி வீரர்கள் முறியடித்த லிட்டில் பிக்ஹார்ன் களத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1983இல் அங்கே பரவிய தீ புல்லையும் புதரையும் எரித்து நிலத்தை வெளிப்படுத்திய பின், 1984இல் தொடங்கிய ஆய்வில் கருவி இயக்குவோர் இடைவெளி விட்டு வரிசையாக நடந்து, ஒலி எழுந்த இடந்தோறும் ஒரு கொடியை நட்டுச் சென்றனர். பின்னால் வந்தவர்கள் கவனமாகத் தோண்டி, ஒவ்வொரு பொருளும் கிடந்த இடத்தை அளந்து பதிவு செய்தார்கள்.

தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் துப்பாக்கியின் சுடுமுள், தோட்டா உறையின் அடியில் பதிக்கும் தடம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபடும். எனவே ஒரே தடமுள்ள உறைகள் கிடந்த இடங்களை இணைத்துப் பார்த்தபோது, ஒரு தனித் துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதையே அவர்களால் தொடர முடிந்தது. பூர்வகுடி வீரர்களிடம் ஹென்றி, வின்செஸ்டர் வகைத் தொடர்சுடு துப்பாக்கிகள் கணிசமாக இருந்ததும், படையினரோ ஒவ்வொரு முறையும் தோட்டா செருகிச் சுடும் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகளோடு நின்றதும் மண்ணிலிருந்தே உறுதியாயின. அதே உறைகளை யாரேனும் முன்னரே பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டிருந்தால், அவை வெறும் உலோகத் துண்டுகளாகத்தான் மிஞ்சியிருக்கும்.

பொழுதுபோக்காகத் தேடுவோரால் ஆய்வுக்குப் பயனே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஜெர்மனியின் கால்க்ரீசெ பகுதியில் 1987இல் ரோமானிய வெள்ளிக் காசுகளையும், அடுத்த ஆண்டு கவண் கொண்டு எறியும் ஈயக்குண்டுகளையும் கண்டெடுத்தவர், அங்கே பணியிலிருந்த டோனி கிளன் என்னும் பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி. அவர் உள்ளூர்த் தொல்லியலாளரிடம் முன்கூட்டியே பேசிவிட்டுத் தேடியவர். கிடைத்தவற்றை அவரிடமே காட்டியவர். கி.பி. 9இல் மூன்று ரோமானியப் படையணிகள் அழிந்த போரின் களம் அதுவே என்று இன்று பலரும் கருதுவதற்கு, மறைக்காமல் சொன்ன அந்த நடத்தைதான் வழி திறந்தது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில், இராணுவப் பணியின்போது விழுந்து நொறுங்கிய விமானத்தின் எச்சங்களை உரிமம் இல்லாமல் தொடுவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பிரான்சில் தொல்பொருள் தேடக் கருவியைப் பயன்படுத்துவதற்கே அரசின் முன்னனுமதி வேண்டும். நிலத்துக்கு உரியவரின் சம்மதம் மட்டும் எல்லா இடத்திலும் போதாது.

கேள்வி: தோண்டும்போது குண்டு போன்ற ஒன்று தென்பட்டால், இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அது செயலிழந்திருக்கும் என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளவே கூடாது. முதல் உலகப் போர் முடிந்தது 1918இல். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் உழவர்களின் கலப்பை இன்றும் அப்போரின் குண்டுகளை வெளியே இழுக்கிறது, அவற்றுள் நச்சுவாயு நிரப்பியவையும் உண்டு. துரு இரும்பைத்தான் தின்னும். உள்ளே இருக்கும் வெடிமருந்து அப்படியே இருக்கலாம். பழைய குண்டுகள் சிலவற்றில் நிரப்பப்பட்ட பிக்ரிக் அமிலம் உலோகத்தோடு வினைபுரிந்து, அதிர்ச்சி தாங்காத உப்புகளாக மாறுவதால், அவை புதிதாக இருந்தபோதைவிட இப்போது கூடுதல் ஆபத்தானவையாக இருக்கவும் கூடும். மேலே தோண்டாமல், அசைக்காமல், இடத்துக்கு ஓர் அடையாளம் வைத்துவிட்டு விலகிக் காவல்துறைக்குச் சொல்லுங்கள். வெறுங்குண்டா வெடிகுண்டா என்று தட்டிப் பார்த்து அறியலாம் என்பவர்களின் அறிவுரையைக் கேட்க வேண்டாம்.

கேள்வி: ஈயக்குண்டின் மேலுள்ள வெண்படலத்தைத் தேய்த்து நீக்கலாமா?

பதில்: வேண்டாம். அது ஈயம் காலப்போக்கில் தானே போர்த்திக்கொண்ட படலம். அடியில் இருப்பதை அதுவே காக்கிறது. நீரில் மண்ணை அலசினால் போதும், பிறகு கையை நன்றாகக் கழுவுங்கள்.

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்துக் குண்டுகள் சிலவற்றில் பல் தடங்கள் இருக்கின்றன. மயக்கமருந்தில்லாத அறுவைச் சிகிச்சையில் வீரர்கள் கடித்தவை என்று விற்பவர்கள் கூறுவது உண்மையா?

பதில்: விலையை ஏற்றுவதற்கு ஏற்ற கதை. 1861 முதல் 1865 வரை நடந்த அப்போரில் குளோரோஃபார்மும் ஈதரும் பரவலாகப் பயன்பட்டன. மயக்கமருந்து கொடுத்தே பெரும்பாலான அறுவைகள் செய்யப்பட்டன. ஆழமாகக் கடித்துக் குதறப்பட்ட குண்டுகளில் பல, மண்ணைக் கிளறித் தின்னும் பன்றிகளின் வேலை. மனிதப் பல் பதிந்தவையும் சில உண்டு; அவற்றில் தடம் மேலோட்டமாகவே இருக்கும்.