நிறுத்தியது தப்பான மாத்திரையை

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 33 வயது. பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். 6 வயதில் ஒரு பெண் குழந்தை. போன வருஷம் திடீர் திடீரென்று நெஞ்சு படபடத்து, இதோ செத்துவிடுவேன் என்கிற பயம் வர ஆரம்பித்தது. இரண்டு தடவை இ.சி.ஜி. எடுத்தும் இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். போகப்போக எதிலும் பிடிப்பில்லை, சும்மா சும்மா அழுகை. மனநல டாக்டர் காலையில் எஸ்சிட்டலோப்ராம் 10 மி.கி., இரவில் குளோனாசெபாம் அரை மி.கி. எழுதிக் கொடுத்தார். 7 மாதமாகச் சாப்பிடுகிறேன், கடைசி 3 மாதம் நன்றாகவே இருந்தேன். வீட்டில் அத்தைக்குத் தெரியாமல் அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்ததை அவர் பார்த்துவிட்டார். "இதெல்லாம் போதை மாத்திரை, ஒருக்கா புடிச்சா உடாது கண்ணு" என்றார். பயந்துபோய்க் காலை மாத்திரையை அன்றைக்கே விட்டுவிட்டேன். இரவு மாத்திரை சின்னதுதானே, தூக்கத்துக்குத்தானே என்று அதை மட்டும் சாப்பிடுகிறேன். 3ஆம் நாளிலிருந்து கண்ணைத் திருப்பினால் தலைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறது. கிறுகிறுப்பு, கெட்ட கனவு, எரிச்சல். இன்றோடு 9 நாள். இரவு மாத்திரை ஒன்று போதாமல் சில நாள் இரண்டு போட்டுக்கொள்கிறேன். நான் அடிமையாகிவிட்டேனா? அடுத்த குழந்தைக்கும் யோசிக்கிறோம்.
பெயர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்.

பதில்: இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வர நாளாகும் என்பதால், அவசரமான நாலு வரியை ஆசிரியர் குழு மூலம் முன்பே உங்களுக்கு அனுப்பிவிட்டேன். இது விரிவான பதில். உங்களுக்கு மட்டுமில்லை, ஏனென்றால் இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வருஷம் முழுக்க வந்துகொண்டிருக்கிறது.

முதலில் விஷயத்துக்கு வருகிறேன் அம்மணி. உங்கள் அத்தை பயந்ததில் நியாயம் உண்டு, ஆனால் அவர் விரல் நீட்ட வேண்டிய மாத்திரை வேறு. பழக்கமாகிவிடக்கூடிய மாத்திரை உங்களிடம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, அது நீங்கள் "சின்னதுதானே" என்று விடாமல் வைத்துக்கொண்ட அந்த இரவு மாத்திரை. குளோனாசெபாம் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் மனசு இளகி, தோள் தளர்ந்து, தூக்கம் வந்துவிடும், அதனால்தான் எல்லாருக்கும் அதன் மேல் பிரியம். நாளாக நாளாக அதே அளவு போதாது, ஒன்று இரண்டாகும், இப்போது உங்களுக்கு நடக்கிறதே அதுதான். இந்த வகை மாத்திரையைப் பொதுவாக 2 முதல் 4 வாரத்துக்குள் முடித்துக்கொள்ளத்தான் பார்ப்போம். காலை மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்வரை தாக்குப்பிடிக்க ஒரு கைத்தாங்கல், அவ்வளவுதான். அது 7 மாதம் ஓடியிருக்கிறது என்றால், நடுவில் யாரோ உங்களிடம் சொல்ல மறந்திருக்கிறார்கள், அல்லது சொன்னது அந்த 5 நிமிஷ ஓ.பி. நெரிசலில் உங்கள் காதில் விழவில்லை. எங்கள் தரப்புத் தப்பு இது, ஒத்துக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை.

இதைப் படித்ததும் அதையும் இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! மாதக்கணக்கில் சாப்பிட்ட குளோனாசெபாமைப் படக்கென்று நிறுத்தினால் தூக்கம் அறவே போவது, கை நடுங்குவதில் தொடங்கி, சிலருக்கு வலிப்புவரை வந்துவிடும். அதற்கும் படிப்படியான இறக்கம்தான், டாக்டர் கணக்குப் போட்டுக் கொடுக்கிறபடி. அதுவரை சில விஷயங்களில் கண்டிப்பு வேண்டும். இரண்டு போடாதீர்கள், அதோடு மதுவோ வேறு தூக்க மாத்திரையோ சேரவே கூடாது, காலையில் அசதியாக இருந்தால் ஸ்கூட்டரை எடுக்காதீர்கள்.

இங்கே இடையில் ஒன்று, மற்ற வாசகர்களுக்கு. உங்களுக்கு இரண்டும் தனித்தனி மாத்திரையாக இருந்ததால் எது எது என்றாவது தெரிகிறது. நம் நாட்டில் இந்த இரண்டையும் ஒரே மாத்திரையில் சேர்த்தே விற்கிறார்கள். "எனக்கு ஒரே ஒரு மாத்திரைதான் டாக்டர்" என்று சொல்லிக்கொண்டு வருஷக்கணக்காக இரண்டு மருந்து சாப்பிடுகிறவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருக்கும் மருந்துப் பெயரை ஒருமுறை படித்துப் பாருங்கள், படிக்க முடியாவிட்டால் மருந்துக் கடைக்காரரையே கேளுங்கள்.

சரி, தலைக்குள் கரண்ட். உங்கள் காலை மாத்திரையான எஸ்சிட்டலோப்ராம் மாதிரி மனச்சோர்வு மருந்துகள் மூளையில் செரோடோனின் என்கிற வேதிப்பொருள் புழங்கும் விதத்தை மாற்றுகின்றன. மூளை அதற்குத் தகுந்தாற்போல் சில வாரங்களில் தன்னைப் பழக்கிக்கொள்கிறது, நீங்கள் சட்டென்று மருந்தை எடுத்துவிட்டால் அது தடுமாறுகிறது. இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும், அதனால்தான் முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியாமல் 3ஆம் நாள் ஆரம்பித்தது. கரண்ட் அடிக்கிற உணர்வு, கிறுகிறுப்பு, பயங்கரக் கனவு, எரிச்சல், காரணமில்லாத அழுகை, எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். பராக்ஸெடின், வென்லாஃபாக்சின் என்கிற மனச்சோர்வு மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் கடுமையாக இருக்கும். ஃப்ளூஆக்ஸெடின் உடம்பை விட்டு மெதுவாகப் போவதால் அதில் தொல்லை குறைவு.

இதை அடிமைத்தனம் என்று சொல்வதா? இந்த மாத்திரைக்காக யாரும் ஏங்குவதில்லை, அளவைக் கூட்டிக் கூட்டிப் போடச் சொல்லி மனசு அரிக்காது, போட்டதும் ஒரு சுகமும் கிடையாது. அதனால் போதை என்ற சொல் பொருந்தாது. ஆனால் "நிறுத்தினால் ஒன்றுமே ஆகாது" என்று நாங்கள் ரொம்ப காலம் சொல்லிவந்ததும் சரியில்லை. பலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும், சிலருக்கு மாதக்கணக்கில்கூட இழுக்கும்.

நோய் திரும்பிவிட்டதோ என்ற சந்தேகமும் உங்களுக்கு இருக்கும். நிறுத்திய சில நாளிலேயே, இதுவரை உங்களுக்கு இல்லாத புதுத் தொந்தரவாக வந்தால் பெரும்பாலும் மருந்தை நிறுத்தியதன் விளைவு. நோய் திரும்புவதென்றால் வாரக்கணக்கில், பழைய முகத்தோடு, மெல்ல வரும், அந்தப் பழைய படபடப்பு, பழைய பிடிப்பின்மை. மருந்தைத் திரும்ப ஆரம்பித்ததும் இரண்டு மூன்று நாளில் கரண்ட் அடங்கினால், நிறுத்தியதால் வந்ததுதான் என்று தெரிந்துவிடும்.

காலை மாத்திரையை எந்த அளவில் மறுபடி ஆரம்பிப்பது என்பதை மட்டும் உங்கள் டாக்டரிடம் விடுங்கள், 9 நாள் இடைவெளி என்பதையும் இரவு மாத்திரை கூடியதையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று பயப்படாதீர்கள். திட்டினால், அது அவர் பிரச்சினை.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன், எல்லாரிடமும் கேட்பேன். இந்த 9 நாளில், உயிரோடு இருந்து என்ன பிரயோசனம் என்கிற நினைப்பு வந்ததா? வந்திருந்தால் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் பக்கத்திலிருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அல்லது 14416க்கு ஃபோன் போடுங்கள். அரசின் டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண் அது, 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்த மனச்சோர்வு மாத்திரையை ஆரம்பித்திருக்கும் பெற்றோர்களும் இதைப் படித்துக்கொள்ளுங்கள். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முதல் சில வாரங்களிலும், அளவை மாற்றும்போதும் இப்படிப்பட்ட எண்ணமும் இருப்புக்கொள்ளாத தவிப்பும் கூடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004இல் சிறுவர்களுக்கென்று மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்டத்தில் போட வைத்த எச்சரிக்கை இதுதான், 2007இல் 24 வயதுவரை நீட்டினார்கள். அதற்காக மருந்தே வேண்டாம் என்று அர்த்தமில்லை, அந்த வாரங்களில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். அதேபோல் மாத்திரை ஆரம்பித்தபின் ஒருவர் தூக்கமே இல்லாமல் படு உற்சாகமாக, நிறுத்தாமல் பேசிக்கொண்டு, காசைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறார் என்றால் "ஆகா, குணமாகிவிட்டது" என்று சந்தோஷப்படாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அது படு உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோயாக இருக்கலாம், அதற்கு வைத்தியமே வேறு.

காலை மாத்திரையை எத்தனை நாள் சாப்பிடுவது? சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற மாதிரிதான் இதுவும் என்று எங்கள் ஆட்கள் எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன், இப்போது சொல்வதில்லை. சர்க்கரை மாத்திரை என்றாலே நம் ஊரில் ஆயுசுக்கும் என்று அர்த்தம், கேட்கிறவர் அங்கேயே மிரண்டுவிடுகிறார். எலும்பு முறிந்தால் கட்டுப் போடுகிறோம் இல்லையா, புத்தூர்க் கட்டோ ஆஸ்பத்திரி மாவுக்கட்டோ, வலி போன அன்றைக்கே அதைப் பிரிக்கிறோமா? உள்ளே கூடுகிறவரை விட்டுவைக்கிறோம். இங்கேயும் முதல் தடவை வந்த மனச்சோர்வு என்றால், முழுசாகச் சரியான நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் மாத்திரையைத் தொடரச் சொல்வோம், உங்களைப் போல் பதற்ற நோயும் கூடவே இருந்தால் ஒரு வருஷம்கூடச் சொல்வோம். திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு 2 வருஷம், அதற்கு மேலும். நீங்கள் நன்றாகி 3 மாதம்தான் ஆகியிருந்தது, பாதி வழி.

நிறுத்துகிற காலம் வரும்போது எப்படி இறங்குவது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 10 மி.கி.யிலிருந்து 5க்கு வந்துவிட்டோம், பாதி தாண்டியாயிற்று, இனி மீதியை விட்டுவிடலாம் என்று தோன்றும். நிஜத்தில் மூளையில் இந்த மருந்து செய்கிற வேலையில் பெரும்பங்கை அந்தக் கடைசிச் சின்ன அளவுதான் செய்கிறது, அதனால் 10லிருந்து 5க்கு இறங்குவது சின்னப் படி, 5லிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவது கிணற்றில் குதிக்கிற மாதிரி. எனவே கடைசியில்தான் ரொம்ப மெதுவாக, 5லிருந்து இரண்டரை, அதற்கும் கீழே என்று, வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில் இறங்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் பாதியாகிவிடுமே என்று சிலர் தாங்களாகவே செய்வார்கள், வேண்டாம், ஒருநாள் ஏறி ஒருநாள் இறங்கி, அந்தக் கரண்ட் அடிப்பது இன்னும் மோசமாகும். கேப்ஸ்யூலையும் மெதுவாகக் கரைகிற வகை மாத்திரையையும் கேட்காமல் உடைக்கக் கூடாது.

ஒரு வேளை மறந்துபோனால் ஞாபகம் வந்ததும் போடலாம், மறுநாள் வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், சேர்த்து இரண்டு போடாதீர்கள்.

தலைவலி, கால்வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையில்தான் இன்னொரு ஆபத்து. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் உங்கள் காலை மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவுக்கு வாய்ப்புக் கூடும், பாராசிட்டமால் பரவாயில்லை. ட்ராமடால் என்கிற வலி மாத்திரையும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்தும் சேரும்போது செரோடோனின் அளவுக்கு மீறலாம். காய்ச்சல், நடுக்கம், உடம்பு விறைப்பு, குழப்பம் என்று வந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய விஷயம் அது. மூலிகைதானே என்று மனச்சோர்வுக்கு விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டும் இதே கதைதான். சித்த மருந்து சாப்பிடுவதாக இருந்தால் இரண்டு வைத்தியருக்கும் இரண்டும் தெரியட்டும். வீட்டில் வயசானவர் யாராவது இதே மாத்திரையோடு ரத்தக் கொதிப்புக்குச் சிறுநீர் போக்கும் மாத்திரையும் சாப்பிட்டு, திடீரென்று தடுமாறுகிறார், உளறுகிறார் என்றால் வயசாகிவிட்டது என்று விடாமல் ரத்தத்தில் சோடியம் பாருங்கள்.

அடுத்த குழந்தை விஷயம். தாராளமாக யோசியுங்கள், ஆனால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட்டு. நாள் தள்ளிப்போனதும் பதறிப்போய் மாத்திரையைத் தூக்கி எறிவதுதான் வழக்கமாக நடக்கிறது, கர்ப்பத்தில் நோய் திரும்பினால் அம்மாவுக்கும் கஷ்டம், வயிற்றுப் பிள்ளைக்கும் கஷ்டம். பராக்ஸெடினைக் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் கூடியவரை தவிர்ப்போம், செர்ட்ராலின் போன்றவற்றை வேண்டியிருந்தால் கொடுக்கிறோம், தாய்ப்பால் கொடுக்கிற அம்மாக்களுக்கும்தான். உங்கள் எஸ்சிட்டலோப்ராமைத் தொடர்வதா மாற்றுவதா என்பது அப்போதைய நிலைமையைப் பார்த்து முடிவு செய்வது. இரவு மாத்திரையிலிருந்து மட்டும் அதற்கு முன்பே மெதுவாக இறங்கி வெளியே வந்துவிட்டால் நல்லது. அப்புறம், தாம்பத்தியத்தில் ஆசை குறைவது இந்த மருந்தில் சகஜம், கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு அதற்காகவே யாரிடமும் சொல்லாமல் நிறுத்துகிறவர்கள் ஏராளம். உங்களுக்கும் அப்படி ஏதாவது இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்க்க முடியும்.

அரிசி டப்பாவிலிருந்து அட்டையை வெளியே எடுத்துவிடுங்கள். அத்தை கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்துப் போட்டதில் எத்தனை வேளை தவறியதோ! மகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டுகிற நேரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைக்கு எட்டாத அலமாரியில். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அத்தையையும் கூட்டிப்போங்கள். இதை எப்போது நிறுத்துவீர்கள் என்று நீங்கள் 7 மாதமாகக் கேட்காத கேள்வியை, எனக்குத் தெரிந்து, அவர் உள்ளே போனதும் முதல் கேள்வியாகக் கேட்டுவிடுவார்.