வீட்டுக் குப்பை: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அக்கா, பிளாஸ்டிக் பையை விட்டுத் துணிப்பைக்கு மாறினேன். இப்போது துணிப்பையே இருபதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. பரவாயில்லையா?

பதில்: இனி ஒன்றுகூட வாங்காதீர்கள். பருத்தி விளைய நீர், உரம், பூச்சிமருந்து எல்லாம் ஏகப்பட்டது செலவாகிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே தடவை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டால், புவி வெப்பமாதல் கணக்கில் ஒரு பருத்திப் பை ஈடாக அதை 131 தடவை எடுத்துப் போக வேண்டும். பிளாஸ்டிக் கடலில் போய்க் கிடக்கும் கேடு அந்தக் கணக்கில் வராது, அதனால் மறுபடி பிளாஸ்டிக்குக்குப் போய்விடாதீர்கள். இரண்டு மூன்றை வாசலருகே மாட்டிவைத்துக் கிழியும்வரை பயன்படுத்துங்கள், மற்றதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: சமையலறைக் கழிவில் உரம் போட்டேன். நாற்றம் தாங்கவில்லை, புழுவும் வந்துவிட்டது. விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து விடாதீர்கள்! பாதிப் பேர் இந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். நாற்றம் என்றால் தொட்டிக்குள் காற்று இல்லை, ஈரம் அதிகம், அவ்வளவுதான். ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ போட்டு அடிவரை கிளறிவிடுங்கள். அப்புறம் ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள், ஓரிரு சொட்டு வந்தால் ஈரம் சரி, ஒழுகினால் இன்னும் இலை போட வேண்டும். புழு ஈக்களின் குஞ்சுதான், அதுவும் கழிவைத்தான் தின்கிறது. புதுக் கழிவின் மேல் எப்போதும் காய்ந்த இலையை மூடிவைத்தால் ஈ வந்து முட்டையிடாது. இதே கழிவு குப்பை மேட்டுக்குப் போனால் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் என்ற வாயு ஆகும், நூறாண்டுக் காலத்துக்குக் கணக்கிட்டால் அது அதே எடைக் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு சூடேற்றும்.

கேள்வி: "மக்கும்" என்று அச்சிட்ட கப்பை உரத் தொட்டியில் போடலாமா?

பதில்: வேண்டாம். அது பெரும்பாலும் பிஎல்ஏ என்ற, செடியின் மாவுச்சத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக், சிதைய 60 டிகிரி அளவுக்குச் சூடு நாள்கணக்கில் நிலைக்க வேண்டும், வீட்டுத் தொட்டியில் அது நடக்காது.

கேள்வி: டப்பாவுக்கு அடியில் முக்கோணக் குறி இருந்தால் மறுசுழற்சி ஆகும்தானே?

பதில்: இல்லை. 1988இல் வந்த அந்தக் குறிக்குள் இருக்கும் எண் என்ன வகை பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்கிறது. 1, 2 பரவலாக எடுக்கப்படும், மற்றவற்றை உங்கள் பகுதியில் எடுப்பவர்களிடம் கேட்டுவிட்டுப் பிரித்து வையுங்கள்.

கேள்வி: மின்சாரம் மிச்சமாகும் என்று புது ஃபோன் வாங்கலாமா?

பதில்: ஃபோனின் கரியமிலத் தடத்தில், அதாவது அதனால் மொத்தமாக வெளியேறும் கரியமில வாயுவில், பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே வந்துவிடுகிறது. சார்ஜ் செய்யும் மின்சாரம் அதில் சிறு பங்குதான். பேட்டரியை மட்டும் மாற்றி இன்னும் இரண்டு வருஷம் ஓட்டுங்கள்.