டான்ஸ் ஷோவுக்கு சுற்றாடல் பர்மிட் எடுக்கணுமா?

கொழும்பு வெள்ளவத்தையில பரதம் படிப்பிக்கிற ஒரு டீச்சர் கேட்டிருக்கிறா: வருசக் கலைவிழாவுக்கு மண்டபம் புக் பண்ணியாச்சு, டெக்கரேஷன்காரர் வந்து சுற்றாடல் பர்மிட் இல்லாட்டி பிரச்சினை வரும், நான் எடுத்துத் தாறன் எண்டு காசு கேக்கிறார், குடுக்கவா வேண்டாமா எண்டு.

குடுக்காதீங்க டீச்சர். 1980ஆம் ஆண்டு தேசிய சுற்றாடல் சட்டத்தில வாற லைசென்ஸ் தொழிற்சாலை மாதிரி தொழில் நடத்துறவைக்கு, பிள்ளையள் ஒரு பின்னேரம் ஆடுறதுக்கு இல்லை. ஸ்பீக்கருக்கு பொலிஸ் அனுமதி வேணுமா எண்டு மட்டும் மண்டபத்தில கேளுங்க, அதையும் நீங்களே நேர போய் எடுங்க.

பிரச்சினை டெக்கரேஷன்காரர் கட்டப்போற சாமானிலதான். மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிஞ்சு சனம் செத்த 2017இல, செப்டம்பர் மாசம் வந்த தடைகளில ஒண்டு, கலாசார நிகழ்ச்சி உட்பட எந்த விழாவிலயும் பொலித்தீனால அலங்காரம் செய்யக்கூடாது எண்டது. "இது பயோ பொலித்தீன், ஒண்டும் வராது" எண்டு சொல்லுவினம், நம்பாதீங்க. என்ன சாமான் எண்டு பில்லில எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்க, பாதிப்பேர் அங்கயே பின்வாங்கிடுவினம்.

2023 ஒக்டோபர்ல இருந்து ஒருக்கா பாவிச்சு எறியிற பிளாஸ்டிக் தட்டு, கப், கரண்டி, ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் பூமாலை, ஏன், பிளாஸ்டிக் இடியாப்பத் தட்டும் தடை. யோகட் கப்புக்கு மட்டும் விலக்கு இருக்கு, இதில எல்லாரும் குழம்புறினம். விலக்கு கப்புக்குத்தான், யோகட் சாப்பிடுற பிளாஸ்டிக் கரண்டிக்கு இல்லை. யோகட்டோட வாற கப்பெண்டா சரி, மரக்கரண்டி வைங்க. அதே மாதிரி வெறுங்கப் வாங்கி பாயாசம் ஊத்திக் குடுத்திட்டு இதுவும் யோகட் கப்தானே எண்டு சொல்ல ஏலாது.

எனக்குக் கோவம் எங்கயெண்டா, சுற்றாடல் அதிகாரிமார் இதையெல்லாம் வர்த்தமானியில போட்டிட்டு பத்தரமுல்லை ஒபிஸில இருந்திட்டினம். மண்டபம் வாடகைக்கு விடேக்க தமிழில அரைப்பக்கம் அச்சடிச்சுக் குடுத்தா எந்த டீச்சர் புரோக்கரிட்ட ஏமாறப்போறா?

மேடைக்கு குருத்தோலைத் தோரணம், துணி, நிசப்பூ போதும், பேனரையும் துணியில வருசம் போடாம அடிச்சா அடுத்தமுறையும் கட்டலாம். ஒண்டு மட்டும் கட்டாயம்: கட்டினது முழுக்க கழட்டி ஏத்திக்கொண்டு போனபிறகுதான் மிச்சக்காசு எண்டு முதலே பேசுங்க, இல்லாட்டி இரவோட இரவா மண்டபத்துக்குப் பின்னால போட்டுக் கொளுத்திட்டுப் போவினம், பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில எரிக்கிறதும் தடைதான்.