நாணல் புதருக்குள் இருக்கும் சின்னக் குருவிகளைப் படம் எடுப்பது எப்படி?

"சத்தம் கேட்கிறது, கேமராவைத் தூக்குவதற்குள் பறந்துவிடுகிறது, பெங்களூரில் எங்கே போவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். துரத்தாமல் ஒரே இடத்தில் நில்லுங்கள். நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான்.

இடம் என்றால் ஜக்கூர் ஏரி. வடக்கு முனையில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் தண்ணீர், சம்பங்கோரைப் புதர்களுக்குள் ஊறி வடிந்துதான் ஏரியில் சேர்கிறது. பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் கூழைக்கடாவைத் தேடிப் போவார்கள், போகட்டும். நீங்கள் கோரை ஓரமாகவே நில்லுங்கள்.

அங்கே முதலில் சிக்குவது சாம்பல் கதிர்க்குருவி. நீண்ட வாலையும் சேர்த்தே 13 செ.மீ.தான் இருக்கும். சாம்பல் முதுகு, வெளிர் காவி வயிறு, சிவந்த கண். புதர்விட்டுப் புதர் தாவும்போது "டிக் டிக்" என்று நெருப்புப் பொறி தெறிப்பது போல ஒரு சத்தம் வரும், அதை வைத்தே பறக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். கூடு கட்டும் காலத்தில் ஆண் குருவி மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில் ஏறி உட்கார்ந்து பாடும். எந்தத் தண்டில் உட்கார்ந்தது என்று பார்த்து வையுங்கள். பெரும்பாலும் அங்கேயே திரும்ப வரும். அந்தத் தண்டின் மேல் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால் படம் உங்களுடையது.

மழைக்காலத்தில் தூக்கணாங்குருவி. ஆண் பாதிக் கூடு வரைதான் முடையும், அப்புறம் பெண் வந்து பார்க்கும். பெண் நெருங்கியதும் ஆண் கூட்டைப் பிடித்துத் தொங்கியபடி சிறகடிக்குமே, அந்தக் காட்சி எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. பெண்ணுக்குப் பிடித்தால் மீதிக் கூடும் வளரும். தள்ளி நின்றே எடுங்கள்.

குளிர்காலத்தில் "சக், சக்" என்று மட்டும் கேட்டால் அது வலசை வந்த பிளித் நாணல் கதிர்க்குருவி. வெளியே தலைகாட்டுவது அபூர்வம், பொறுமை வேண்டும்.

கேமராவில் ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் வையுங்கள், இல்லாவிட்டால் முன்னால் நிற்கும் கோரைதான் தெளிவாக விழும். ஷட்டர் வேகம் 1/1000 நொடியைவிட மெதுவாக வேண்டாம். மேகமூட்டம் என்றால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணரும் திறனை, தயங்காமல் ஏற்றுங்கள், படத்தில் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ஃபோனில் குருவிச் சத்தம் போட்டு வரவழைப்பது. வேறொரு ஆண் தன் எல்லைக்குள் புகுந்துவிட்டது என்று நினைத்து, இரை தேடுவதையும் குஞ்சுக்கு ஊட்டுவதையும் விட்டுவிட்டு அது அலையும். நமக்கு ஒரு படம் கிடைக்க அதற்கு அந்தப் பாடு வேண்டாம்.

காலை ஆறரைக்குள் போய்விடுங்கள், வெயில் ஏறினால் பாட்டு அடங்கிவிடும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள்.