பனானாகிராம்ஸ்ல கியூ கையில் தேங்கினா

ஆங்கில எழுத்துக் கட்டைகளை வச்சு ஆளுக்கொரு சொற்கட்டம் கட்டுற பனானாகிராம்ஸை மூணு பேர் விளையாடுறோம், ஒரு தோழி கையில இருந்ததை எல்லாம் அடுக்கிட்டு ‘பீல்’ (எல்லாரும் ஆளுக்கு ஒரு கட்டை எடுக்கணும்) சொல்லிக்கிட்டே போறாங்க, எனக்குக் கியூ (Q), வி (V) ரெண்டும் தேங்கிடுதுன்னு கேட்டிருந்தீங்க. யூ வரும்னு காத்திருக்காதீங்க. ‘டம்ப்’ சொல்லி கியூவை நடுவுல கவிழ்த்துப் போட்டுட்டு மூணு கட்டை எடுங்க. ஆரம்பத்துலயே 21 கையில் இருக்கிறதால ரெண்டு கூடுறது பெரிய பாரமில்ல. கடைசி நேரத்துல மட்டும் யோசிங்க.

இங்க ஸ்கிராபிள் மாதிரி புள்ளியே கிடையாது. அதனால நீளமான சொல்லைக் கட்டிக் காப்பாத்தாதீங்க, தயங்காம கலைங்க! ‘கேட்’ இருந்தா ஓரத்துல எஸ் சேர்த்து, அந்த எஸ்-லேர்ந்தே கீழே இன்னொரு சொல்லை இறக்குங்க.

முக்கியமா, அந்தத் தோழி கட்டைகளை முடிச்சு ‘பனானாஸ்’னு (ஜெயிச்சுட்டேன்னு அர்த்தம்) கத்தினதும் அவங்க கட்டத்தை எல்லாரும் படிச்சுப் பாருங்க. ஒரு சொல் தப்புன்னாலும் அவங்க அவுட். அவங்க கட்டைகள் நடுவுக்குத் திரும்பும், மத்த ரெண்டு பேரும் தொடரலாம். எந்த அகராதின்னு முதல்லயே பேசிக்கோங்க.