ஸ்பெயினில் கிராமத்து வீடு: வங்கி ‘இல்லை’ என்றால் பத்திரத்தைப் பாருங்கள்

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். ஸ்பெயினின் அல்மேரியா மலைப்பக்கம் 1,60,000 யூரோவுக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறோம். 2004-ல் கட்டியது, 110 சதுர மீட்டர், நீச்சல் குளமும் உண்டு. மதிப்பீட்டாளர் வந்து போனபின் வங்கி கடன் தர மறுத்துவிட்டது. விற்பவர் வீட்டு வரி ரசீதையும் மின் கட்டண ரசீதையும் காட்டுகிறார். ‘வேறு வங்கியில் கேளுங்கள், 10 சதவீத முன்பணத்தை இந்த வாரமே கட்டிவிடுங்கள்’ என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். வேறு வங்கிக்கும் இப்போது அலைய வேண்டாம். உங்கள் வருமானத்தில் குறை இருந்திருந்தால் மதிப்பீட்டாளரை அனுப்பும் முன்பே சொல்லியிருப்பார்கள். அவர் வந்து போனபின் மறுத்தால் கோளாறு பெரும்பாலும் வீட்டில்தான். மதிப்பீட்டுக்குப் பணம் கட்டியது நீங்கள். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் ‘நிபந்தனைகள்’ என்ற பகுதியில் காரணம் எழுதியிருக்கும்.

அடுத்து, சொத்துப் பதிவகத்திலிருந்து ‘நோட்டா சிம்ப்ளே’ எடுங்கள். நம் ஊர் வில்லங்கச் சான்றைப் போன்றது. இணையத்தில் சுமார் 10 யூரோதான். அடமானம், ஜப்தி இருக்கிறதா என்பதோடு, சொத்தை எப்படி விவரித்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் ‘விவசாயக் கருவிகள் வைக்கும் கொட்டகை, 40 சதுர மீட்டர்’ என்றுதான் இருக்கும். மீதி 70 சதுர மீட்டரும் குளமும் காகிதத்தில் இல்லை. இல்லாத கட்டடத்தை வங்கி எப்படி ஈடாக எடுக்கும்?

வரி ரசீது அனுமதிச் சான்று ஆகாது. வரிக்கான நில ஏடு வேறு, கட்டட அனுமதி வேறு. அனுமதி இல்லாத வீட்டுக்கும் வரி வாங்குவார்கள். நோட்டரியும் விற்பவர், பத்திரம், கடன் பாக்கி இவற்றைத்தான் சரிபார்ப்பார். கட்ட அனுமதி இருந்ததா என்று தேடிப் போக மாட்டார். அனுமதியே இருந்தாலும் அது செல்லுபடியானதா என்று பார்க்க வேண்டும். 2008 ஜனவரியில் அதே மாகாணத்து வேரா ஊரில் நகரசபை அனுமதியோடு கட்டிய ஆங்கிலேயத் தம்பதியின் வீட்டையே இடித்தார்கள். அந்த அனுமதி செல்லாது என்று மாநில அரசு வழக்குப் போட்டிருந்தது.

ஆகவே நகரசபையில் ‘நகரமைப்புச் சான்று’ கேட்டு விண்ணப்பிக்க விற்பவரிடம் சொல்லுங்கள். நிலம் எந்த வகை, சிறப்புப் பாதுகாப்பில் இருக்கிறதா, வீட்டின் மீது நடவடிக்கை எதுவும் நிலுவையில் உள்ளதா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். சாதாரண ஊரகப் புறநிலமாக இருந்தால், கட்டி முடித்து 6 ஆண்டு கடந்த வீட்டை, அல்மேரியா அடங்கிய ஆந்தலூசியா மாநிலத்தில் பொதுவாக இடிக்கச் சொல்ல முடியாது. அனுமதியில்லாத வீட்டை இருக்கும் நிலையிலேயே ஏற்கும் ‘ஆஃபோ’ என்ற அங்கீகாரம் கேட்கலாம். பாதுகாக்கப்பட்ட நிலமானால் இந்தக் காலக்கெடு உதவாமல் போகலாம். வீடு 2004-ல் கட்டியது என்றாலும் குளம் பின்னாளில் வெட்டியதாக இருக்கலாம். தேசியப் புவியியல் நிறுவனத்தின் தளத்தில் பழைய வான்படங்கள் இலவசமாகக் கிடைக்கும். ஆண்டுவாரியாக ஒப்பிட்டால் எது எப்போது முளைத்தது என்று தெரிந்துவிடும்.

ஆஃபோ கிடைத்தாலும் வீடு முழுச் சட்டபூர்வம் ஆகிவிடாது. பழுது பார்க்கலாம், இணைப்புகள் பெறலாம், பதிவகத்தில் ஏற்றலாம்; ஆனால் ஓர் அறைகூடக் கூட்டிக் கட்ட முடியாது. ஆஃபோ வாங்கும் செலவும் பொறுப்பும் விற்பவருடையதாக இருக்கட்டும்.

முன்பணம் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்பெயினில் வழக்கமான ‘ஆராஸ்’ என்ற முன்பண ஒப்பந்தப்படி நீங்கள் பின்வாங்கினால் 16,000 யூரோவும் போய்விடும். விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும். கடன் கிடைக்கவில்லை என்பது உங்கள் பின்வாங்கலாகவே கணக்காகும். ‘ஆஃபோ பதிவகத்தில் ஏறாவிட்டாலோ, வங்கி மறுத்தாலோ முழுத்தொகையும் திரும்ப’ என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் ஒரு யூரோகூடக் கொடுக்காதீர்கள். எழுதித் தரும் வழக்கறிஞர், வீட்டுத் தரகர் கைகாட்டியவராக இருக்கக் கூடாது.

ஆஃபோ ஏறியபின் மறுமதிப்பீடு கேளுங்கள். அந்நாட்டில் குடியிராதவருக்கு வங்கிகள் பொதுவாக 60 முதல் 70 சதவீதம்தான் தரும். அதுவும் விலை, மதிப்பீடு இரண்டில் குறைந்ததற்கு. மதிப்பீடு 1,40,000 என வந்து 60 சதவீதம் தந்தால் கடன் 84,000. மீதி 76,000-த்தோடு 7 சதவீதச் சொத்துப் பரிமாற்ற வரி 11,200-ம் சேர்த்து 87,200 யூரோ கையில் இருக்க வேண்டும். நோட்டரி, பதிவு, வழக்கறிஞர் கட்டணம் தனி.